மண்டபம் கேம்ப்பிலிருந்து பார்த்தால்

"இங்க மலையே கிடையாதாம்மா?"

என் அப்பத்தாவிடம் ஒரு பெண் இப்படிக் கேட்டபோது நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு எட்டு, ஒன்பது வயது இருக்கும். 1970-களின் பின்பாதி. மண்டபம் கேம்ப் பக்கம் ரோட்டோரத்தில் அப்பத்தா இடியாப்பம் அவித்து விற்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ராமேஸ்வரத்தில் ராமானுஜம் கப்பல் வந்து இறக்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களை கேம்ப்புக்குக் கொண்டுவந்து தங்கவைப்பார்கள். அப்புறம் நீலகிரிக்கோ, நூல் ஆலைக்கோ, ஆந்திராவுக்கோ அனுப்பிவிடுவார்கள். அந்தப் பெண் கையில் ஒரு குழந்தை, காலடியில் ஒரு டிரங்குப் பெட்டி. நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். எங்கள் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது? உடைமரம், பனை, மணல், அதற்கப்பால் கடல்.

"இல்லத்தா, இங்கெல்லாம் பொட்டல்தான்" என்றது அப்பத்தா.

அவள் முகம் எனக்கு மறந்துவிட்டது. அந்தக் கேள்வி மறக்கவில்லை. பிறந்தது முதல் மலையையே பார்த்து வளர்ந்த ஒருத்தியை, "இதுதான் உன் சொந்த ஊர்" என்று சொல்லி எங்கள் பொட்டலில் இறக்கிவிட்டிருந்தார்கள். யார் அப்படிச் சொன்னது, எப்போது முடிவானது என்று தேடித் தேடிப் படித்ததில்தான் இலங்கையின் முதல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்கா என்ற மனிதரிடம் வந்து சேர்ந்தேன்.

இவர்களைத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் வேறு இருவர், இரண்டு நாட்டுப் பிரதமர்கள். 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 இரவு புயல் வந்து தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. வருகிறவர்களை வாங்கவேண்டிய துறைமுகமே இல்லாமல் போய், ராமேஸ்வரம் அந்த வாசலாக மாறியது. ஆனால் பங்கு போட வேண்டிய நிலை எப்படி வந்தது? 1948-ல் இவர்கள் எந்த நாட்டுக்கும் பிரஜை இல்லை என்று ஆக்கப்பட்டிருந்தார்கள். அதைச் செய்தது சேனநாயக்காவின் அரசாங்கம்.

எங்கள் பக்கத்தில் அவரைத் தெரிந்தவர்கள் அந்த ஒரு வரியோடு நிறுத்திவிடுவார்கள்: குடியுரிமையைப் பறித்தவர். அக்கரையில் அவர் தேசத்தின் தந்தை. கொழும்புச் சுதந்திர சதுக்கத்தில் நெடிதாக நிற்கிறார். இரண்டையும் படித்துப் படித்து நான் வந்து சேர்ந்த இடம் வேறு. அவரை 1948-ல் வைத்துப் பார்த்தால் பாதிதான் புரியும். 1931 முதல் ஏறக்குறைய பதினாறு வருடம், வெள்ளைக்காரன் ஆட்சிக்குள்ளேயே, அவர் விவசாயத்துக்கும் காணிக்கும் மந்திரியாக இருந்தார். அவருடைய நல்லதும் கெட்டதும் முளைத்தது அந்த நிலத்தில்தான்.

அவர் பிறந்தது 1883-ல், போத்தலை என்ற கிராமத்தில். அப்பா கிராபைட் சுரங்கத்தில் பணம் சேர்த்தவர். கொழும்பில் புனித தோமையார் கல்லூரியில் படித்தார். படிப்பில் பெரிய பெயர் இல்லை. காட்டுப்புறத்துப் பையன் என்பதால் 'ஜங்கிள் ஜான்' என்று பட்டப்பெயர். நில அளவைத் துறையில் கொஞ்ச நாள் குமாஸ்தா வேலை பார்த்தார், அப்புறம் குடும்பத் தோட்டங்களைக் கவனித்தார். மதுவிலக்கு இயக்கத்தில் அண்ணனோடு சேர்ந்து அலைந்தார். 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தின்போது ராணுவச் சட்டத்தின்கீழ் பிடித்து உள்ளே வைத்தார்கள். அப்போது சிங்களத் தலைவர்களுக்காகச் சட்டசபையில் குரல் கொடுத்து, லண்டன் வரை போய் வாதாடியவர் ஒரு தமிழர், பொன்னம்பலம் ராமநாதன். அவர் திரும்பி வந்தபோது குதிரைகளை அவிழ்த்துவிட்டு, சிங்களத் தலைவர்கள் தங்கள் கையாலேயே வண்டியை இழுத்துப் போனார்கள். பின்னால் நடந்ததை எல்லாம் தெரிந்துகொண்டு இந்தக் காட்சியைப் படிக்கும்போது மனது என்னவோ செய்கிறது.

1924-ல் சேனநாயக்கா சட்டசபைக்குப் போனார். 1931-ல் டொனமூர் கமிஷன் சொன்னபடி புதிய அரசியல் சட்டம் வந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

21 வயதான எல்லோருக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும், சொத்து பார்க்காமல் ஓட்டு. ஆசியாவிலேயே இலங்கைக்குத்தான் இது முதலில் கிடைத்தது. தோட்டத் தொழிலாளிக்கு மட்டும் நிரந்தரமாகத் தங்கியவர் என்று காட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. இருந்தாலும் ஏராளமானவர்கள் பட்டியலில் ஏறினார்கள். தேயிலை மலைப்பகுதியான அட்டன் தொகுதியிலிருந்து போன பெரி சுந்தரம், தொழில் மந்திரியாகவே ஆனார். இதே காலத்தில் எங்கள் முதுகுளத்தூரிலும் பரமக்குடியிலும் நிலை என்ன? வரி கட்டுகிற சொத்துக்காரனுக்குத்தான் ஓட்டு. அதாவது, அட்டனில் கொழுந்து பறிக்கிற ஒரு பெண்ணுக்கு ஓட்டு இருக்க, ஊரில் இருந்த அவளுடைய சித்தப்பாவுக்கு இல்லை. இருபது வருடம் கழித்து எல்லாம் தலைகீழ். இந்தியாவின் 1951-52 பொதுத்தேர்தலில் சித்தப்பா வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். இலங்கையின் 1952 மே மாதத் தேர்தலில் அந்தப் பெண்ணின் பெயர் பட்டியலில் இல்லை.

சரி, மந்திரி சேனநாயக்காவிடம் வருவோம். அன்றைய ஏற்பாட்டில் சட்டசபை ஏழு குழுக்களாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு குழுத் தலைவரும் ஒரு மந்திரி. நிதி, நீதி போன்ற சாவிகள் வெள்ளை அதிகாரிகளிடமே இருந்தன. கிடைத்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு சேனநாயக்கா பிடித்த வேலை, குளம்.

நாங்கள் கண்மாய்க்காரர்கள். ராஜசிங்கமங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்போம், ஒரு மூச்சில் நாரையால் கடக்க முடியாத நீளம் என்று. அந்த மண்ணில் பிறந்த ஒருவனுக்கு, தூர்ந்துபோன குளத்தை மீட்டவன்மேல் மரியாதை வராமல் இருக்காது. இலங்கையின் வறண்ட பகுதியில் பழைய மன்னர்கள் வெட்டிய குளங்கள் நூற்றாண்டுகளாகக் காட்டுக்குள் கிடந்தன. மகாசேனன் கட்டிய மின்னேரியா அவற்றில் ஒன்று, 1,700 வருடத்துக்கு முந்தியது. அங்கே போனால் மலேரியாதான் மிச்சம் என்று எல்லோரும் ஒதுங்கிய இடம். சேனநாயக்கா அங்கே காட்டைத் திருத்தி, நிலமில்லாத குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார். வீடு, வாய்க்கால், விதை, முதல் அறுவடை வரை பண உதவி. மந்திரியாக இருந்தவர் நேரில் போய் வரப்பில் நின்றார். பொலன்னறுவைப் பக்கத்துப் பராக்கிரம சமுத்திரமும் இப்படித்தான் மீண்டது.

1935-ல் காணி அபிவிருத்திச் சட்டம் கொண்டுவந்தார். அரச நிலத்தை ஏழை விவசாயிக்குக் கொடுப்பது, ஆனால் அவன் கஷ்டத்துக்கு அதை வட்டிக்காரனிடம் விற்றுவிட முடியாதபடி கட்டிவைப்பது. எங்கள் பக்கத்தில் கடனுக்கு நிலம் போன குடும்பம் எத்தனை என்று தெரிந்தவர்களுக்கு, இது எவ்வளவு யோசித்துச் செய்த சட்டம் என்று புரியும். இன்றைக்கும் நான் அதை மெச்சுகிறேன்.

அந்தச் சட்டத்துக்குள்ளேயே ஒரு சொல் இருந்தது: 'இலங்கையர்'. நிலம் இலங்கையருக்குத்தான். இலங்கையர் யார்? இலங்கையையே பூர்வீக வசிப்பிடமாகக் கொண்டவர். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளிகளின் வரிசை வீட்டில் பிறந்து, லயத்திலேயே பிள்ளை பெற்றவளாக இருந்தாலும், அவளுடைய பூர்வீகம் எங்கள் சீமை என்று வைத்துவிட்டால் அவளுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. 1948 சட்டத்தில் வரப்போவதன் விதை இங்கே, பதின்மூன்று வருடத்துக்கு முன்னாலேயே, ஒரு நல்ல சட்டத்தின் அகராதிப் பகுதியில் கிடக்கிறது. 'யாருக்கு நிலம்' என்ற கேள்விக்குச் சொன்ன பதிலையே பின்னால் 'யாருக்கு நாடு' என்ற கேள்விக்கும் சொன்னார்.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 1840-ல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டு, பத்திரம் காட்ட முடியாத காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் அரசுச் சொத்து என்றான். கண்டிச் சீமை விவசாயியின் மலைச்சரிவுகள் காப்பித் தோட்டமாகவும், காப்பி நோய் வந்தபிறகு தேயிலைத் தோட்டமாகவும் மாறின. கீழே கிராமம் நெருக்கிக்கொண்டே போக, மேலே தோட்டம் விரிந்துகொண்டே போனது. அந்தக் கோபம் உண்மையானது. சேனநாயக்கா அதை அரசியலுக்காகக் கற்பனை செய்யவில்லை. ஆனால் நிலத்தை எடுத்தவன் தோட்டத்துரை. திருச்சி, மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கங்காணி கூட்டிப்போன ஆட்களுக்கு அந்த நிலத்தில் பத்துக்குப் பத்து லயம் அறையைத் தவிர எதுவும் சொந்தமில்லை. துரையோடு பேரம் பேசிய மனிதர், தொழிலாளியோடு பேரம்கூடப் பேசவில்லை. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

1946-ல் நடந்த ஒன்று போதும். கேகாலை மாவட்டத்தில் நேவ்ஸ்மயர் என்று ஒரு தோட்டம். கிராமத்து மக்களுக்குப் பிரித்துக் கொடுக்க அரசு அதை எடுத்துக்கொண்டது. நல்ல காரியம்தான். அங்கே தலைமுறையாக வேலை செய்த தமிழ்க் குடும்பங்களுக்கு என்ன ஏற்பாடு? வெளியேறு என்ற நோட்டீஸ். நிலத்துக்கு மந்திரி சேனநாயக்கா. மலையகம் முழுவதும் கொதித்துப் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஒரு ஏழைக்கு நிலம் கொடுக்க இன்னொரு ஏழையை ரோட்டில் நிறுத்திய அந்தச் சம்பவம், 1948-ஐ முன்கூட்டியே சொல்லிவிட்டது.

இதற்கிடையே அவருடைய வாழ்க்கை மேலே ஏறிக்கொண்டிருந்தது. 1942-ல் பாரன் ஜயதிலக்க டெல்லிக்கு இலங்கையின் பிரதிநிதியாகப் போனதும், சட்டசபைத் தலைமை சேனநாயக்காவிடம் வந்தது. உலகப்போர் நடந்த காலம். அவர் வெள்ளை அரசோடு ஒத்துழைத்துக்கொண்டே விடுதலையைக் கேட்டார். அவருடைய மந்திரிகள் தயாரித்த வரைவைக் கையில் வைத்துக்கொண்டுதான், அடுத்த அரசியல் சட்டத்துக்காக வந்த சோல்பரி கமிஷன் வேலை செய்தது. 1946-ல் ஐக்கிய தேசியக் கட்சியைத் தொடங்கினார். 1947 தேர்தலில் 95 இடங்களில் 42 கிடைத்தது. அந்தச் செப்டம்பரில் பிரதமரானார். அப்போதும் கவர்னர் வெள்ளைக்காரர்தான், நாடு காலனிதான். 1948 பிப்ரவரி 4 வரை நாலு மாதத்துக்கு மேல் அவர் காலனி நாட்டின் பிரதமர். ஒரு துப்பாக்கி வெடிக்காமல் அதிகாரத்தை வாங்கினார். இந்தப் பக்கம் பஞ்சாபிலும் வங்காளத்திலும் ரத்தம் ஓடியதை நினைத்தால், அது சின்னச் சாதனை இல்லை.

அந்த 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து தோட்டத் தமிழர்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ்காரர்கள் பாராளுமன்றத்துக்குப் போனார்கள். இடதுசாரிகள் மூன்று கட்சிகளாக 18 இடம் பிடித்தார்கள். பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளர் ஓட்டு அவர்களுக்கு விழுந்தது. பெரும்பான்மை இல்லாமல் சுயேச்சைகளைச் சேர்த்து ஆட்சி அமைத்த பிரதமருக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருந்திருக்காது. டிசம்பரில் டெல்லிக்கு வந்து நேருவோடு பேசினார். எத்தனை வருடம் வசித்திருந்தால் குடியுரிமை என்பதில் பேச்சு முறிந்தது.

1948-ன் 18-ஆம் இலக்கச் சட்டம். இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது. அப்பாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும். அதற்குக் காகிதம் காட்ட வேண்டும். லயத்தில் பிறந்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் பாட்டனின் பிறப்புச் சான்று இருக்கும்? 1946 கணக்கெடுப்பில் இந்திய வம்சாவளித் தமிழர்கள் சுமார் 7,80,000 பேர். மறுவருடம் இன்னொரு சட்டம், மனுப் போட்டுக் குடியுரிமை கேட்கலாம் என்று. சுமார் 2,37,000 மனுக்கள், எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. அதே வருடம் தேர்தல் சட்டத்தையும் திருத்தி ஓட்டை எடுத்தார்கள். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அமைச்சரவையில் போய் உட்கார்ந்தார். அவர் கட்சியில் இருந்த செல்வநாயகம் பிரிந்துபோய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அது தனிக் கதை.

1952 மார்ச்சில் சேனநாயக்கா கொழும்பு காலிமுகத் திடலில் குதிரையில் போனபோது கீழே விழுந்து, மறுநாள் இறந்தார். தான் எழுதிய சட்டத்தால் யாரும் கப்பல் ஏறியதை அவர் பார்க்கவில்லை. பார்த்தது நாங்கள்.

மண்டபம் கேம்ப்பைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று தெரியாது. அகதி முகாம் என்றே நினைப்பார்கள். அகதிகள் 1983-க்குப் பிறகு வந்தவர்கள். அந்த இடத்தை நடத்தியது முதலில் இலங்கை அரசாங்கம், இங்கே நம் மண்ணில். தோட்டத்துக்குப் போகிறவர்களை அங்கே சில நாள் நிறுத்தி, குளிக்கவைத்து, அம்மை குத்தி, துணிமணியைக் கிருமி போக அவித்துக் கொடுத்து, நோய் இல்லை என்றால்தான் தனுஷ்கோடிக்கு ரயில் ஏற்றுவார்கள். போனது அந்த வாசல் வழியாக. பேரன் பேத்திகள் திரும்பி வந்து இறங்கியதும் அதே வாசலில். இந்த ஒரு இடத்தில் நின்றால் நூறு வருடச் சரித்திரம் கண்ணுக்கு முன்னால் போகும்.

இறங்கியவர்களில் சிலர் எங்கள் பக்கமே தங்கிவிட்டார்கள். என்னோடு படித்த ஒருவனின் குடும்பம் அப்படி. அவனுடைய அம்மாவுக்கு இப்போது எண்பதுக்குப் பக்கத்தில் வயது. பிறந்தது அட்டன் பக்கத்துத் தோட்டத்தில், தாயும் அங்கேயே பிறந்தவர். நாலு வயதில் நாடில்லாதவர் ஆனார். முப்பதைத் தாண்டியபின் இந்தியப் பிரஜை என்ற பாஸ்போர்ட்டோடு கப்பல் ஏறினார். அந்தப் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் இலங்கை என்றுதான் எழுதியிருந்தது. "எங்கம்மா ஓட்டுப் போட்டுச்சு தம்பி. கொழுந்துக்கூடையோட போயி நின்னுச்சாம். அடுத்த தடவை பேரு இல்லன்னுட்டாங்க" என்று ஒருமுறை சொன்னார். அவருடைய அப்பாவின் அப்பா புறப்பட்டுப் போனது முதுகுளத்தூரைத் தாண்டி ஒரு கிராமம். இறங்கிய வருடமே தேடிப்போய்ப் பார்த்திருக்கிறார்கள். "கண்மாய் இருந்துச்சு. கோயில் இருந்துச்சு. எங்களைத் தெரிஞ்ச ஆளு யாரும் இல்ல."

2003-ல் இலங்கைப் பாராளுமன்றம் மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுத்துச் சட்டம் போட்டது. எல்லாக் கட்சியும் ஆதரித்தது. ஐம்பத்தைந்து வருடம் கழித்து. அதற்குள் இந்தப் பக்கம் வந்துவிட்டவர்களுக்கு அந்தச் சட்டத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

சில வருடத்துக்கு முன்னால் நான் அக்கரைக்குப் போனேன். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர்தான். நான் மதுரைக்குப் போய் விமானம் ஏறிக் கொழும்பில் இறங்கி, அங்கிருந்து வடக்கே பஸ்ஸில் போனேன். மின்னேரியாக் கரையில் ஏறி நின்றபோது சாயங்காலம். கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர். கரையின் சரிவும், மடையும், மடைக்குக் கீழே பச்சையும் அச்சாக நம் ராஜசிங்கமங்கலம்தான், தண்ணீர் மட்டும் கூட. வாய்க்காலில் ஒரு கிழவர் மண்வெட்டியோடு மடை திருப்பிக்கொண்டிருந்தார். அவர் அப்பாவையோ தாத்தாவையோ சேனநாயக்கா கொண்டுவந்து குடியேற்றியிருப்பார். அந்தக் குடும்பம் பசியாறியிருக்கிறது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஊருக்கு வந்ததும் நண்பனின் அம்மாவைப் பார்க்கப் போனேன். செல்போனில் எடுத்த படங்களைக் காட்டினேன். முதலில் அட்டன் மலைப் படங்களை ஒவ்வொன்றாக, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். அப்புறம் குளத்தின் படம் வந்தது.

"இது எந்த ஊரு?"

"மின்னேரியா. சேனநாயக்கா மீட்டுக் குடியேத்துன எடம்மா."

கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"தண்ணி நல்லா கெடக்கே" என்றார். பிறகு, "அங்க நம்ம தோட்டத்து ஆளுக யாருக்காச்சும் காணி இருக்கா தம்பி?"

"நான் பாத்த வரைக்கும் இல்லைம்மா" என்றேன்.

அவர் மறுபடியும் விரலை நகர்த்தி அட்டன் படத்துக்கே போனார்.